சரிவில் நின்ற வகுப்பறையும் இந்திராணி டீச்சரும்

போன செவ்வாய்க்கிழமை காலை, தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்றுக்குப் பக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். தச்சு வேலை செய்பவனை எங்கள் பக்கம் 'பாஸ்' என்பார்கள். தொலைபேசியில் வந்தவர் எங்கள் வகுப்பறை பஸ்ஸின் சாரதி சுனில். "பாஸ், டீச்சர் செத்துட்டாங்க. விடியக் காலைல நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்றார். என் வாயில் நாலைந்து ஆணிகள் இருந்தன. துப்பிவிட்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆணியை அடித்திருக்கிறேன். அதுவும் வளைந்துபோயிற்று.

இந்திராணி டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யட்டவத்தப் பக்கம் எங்கள் தோட்டப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர் அவர். இரண்டு வருடங்களுக்கு முன் பெய்த மழையில் பாடசாலைக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தோட்டத்தின் மூன்று டிவிஷன்களில் இருந்த இருபத்து நான்கு பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த என் மகள் தர்ஷினியும் அதில் ஒருத்தி. ஐந்து மாதத்தில் அவள் வாய்ப்பாட்டை மறந்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம்தான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் மூன்று முறை என்னைக் கைவிட்டது.

மரக்கறி வியாபாரி ஒருவர் ஓடாத பழைய பஸ் ஒன்றைக் கொடுத்தார். சுனில் அதை ஓட வைத்தார். அதற்குள் வகுப்பறை அமைக்கலாம் என்று டீச்சர் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு மாதிரி வெட்டி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

"டீச்சர், நான் லொறிக்குப் பலகை அடிக்கிறவன். நான் அடிச்சதுல இதுவரைக்கும் உக்காந்தது கத்தரிக்காயும் கோவாவும்தான்" என்றேன்.

"அதுங்க ஒண்ணும் குறை சொல்லல்லியே பாஸ். வாங்க" என்றார்.

அவருக்கு ஒரே சட்டம்தான்: "ஒரு வேலை மட்டும் செய்யிற சாமான் இந்தப் பஸ்ஸுல ஏறக் கூடாது." அதனால் பிள்ளைகள் உட்காரும் வாங்கின் மூடியைத் தூக்கினால் உள்ளே புத்தகப் பெட்டி. வாங்கின் முதுகில் கீல் போட்ட பலகை. அதைத் தூக்கி, கீழே இரும்பு முட்டுக் கொடுத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேசை. மடித்துத் தொங்கவிட்டால் கறுப்பு நிறம் பூசிய அதன் மேல்பக்கமே எழுதும் பலகை. "அப்ப எனக்கு என்ன ரெண்டு வேலை டீச்சர்?" என்று கேட்டேன். "பலகையும் அடிப்பீங்க, பாடசாலை மணியும் அடிப்பீங்க" என்றார். அப்படியே ஆயிற்று.

பிள்ளைகளை ஒவ்வொருவராக மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார வைத்து முழங்கால் உயரம் அளந்தார். நேரம் வீணாகிறது என்று நினைத்தேன். என் அளவுகள் எல்லாம் ரசமட்டத்தில். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு மேசைக்கும் முட்டுப் போடவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பஸ் அனுமதி பெறாவிட்டால் பிள்ளைகளைப் பல பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். பாதிப் பிள்ளைகள் போகவே மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தர்ஷினி எந்தப் பாதி என்று நானும் என் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை.

அதிகாரி வெள்ளிக்கிழமைதான் வந்தார். பஸ்ஸை யட்டவத்த மைதானத்துக்கு இறக்கச் சொன்னார். இருபத்து நான்கு பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் தமது பேனாவை முதல் மேசையில் வைத்தார். அது மெல்ல உருண்டு முன் வாங்கின் முதுகில் முட்டி நின்றது. அடுத்த மேசையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இது மேசையா, சறுக்கு மரமா?"

நான் பஸ்ஸின் கூரையை ஆராய்ந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"பாஸ், அளந்தப்போ பஸ் எங்க நின்னுச்சு?"

"வழக்கமா நிக்கிற இடத்துல டீச்சர். பட்டறைக்கு முன்னால."

"அது ஏத்தம்."

"ரசமட்டம் சரியாத்தான் காட்டுச்சு டீச்சர்."

"அது சரியாத்தான் காட்டும். ஏத்தத்துல நிக்கிறோம்னு நாமதான் பாத்திருக்கணும்."

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "தப்பு எங்களோடது சேர். ஆனா எங்க டிவிஷன்கள்ல சமமான இடமே இல்ல. பஸ் எப்பவும் சரிவுலதான் நிக்கும்."

"மூணு இடத்துலயும் ஒரே சரிவா?" என்று கேட்டு அவர் அனுமதிக் கோப்பை மூடினார்.

டீச்சர் குனிந்து மேசையின் முட்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். அதில் மேசையைத் தாங்கும் இரும்பு ஊசி மாட்ட ஒரே ஒரு துளை. "சேர், இதுல இன்னும் மூணு துளை போட்டா எந்தச் சரிவுக்கும் ஏத்தி இறக்கலாம். பிள்ளைங்களே செய்வாங்க. நேரம் தாங்க."

"நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும்."

பன்னிரண்டு மேசைகள், முப்பத்தாறு துளைகள். பக்கத்துக் கராஜில் துளையிடும் மெஷின் இரவல் வாங்கினோம். டீச்சர் ஒவ்வொரு முட்டாகப் பிடிக்க நான் துளையிட்டேன். அவசரத்தில் மெஷினைப் போட்டு அழுத்தினேன். "மெதுவா பாஸ், அவர் நல்லாச் சாப்பிடற ஆள் மாதிரித்தான் இருக்கு" என்றார். ஒன்பதாவது மேசை முடிந்ததும் துளையிடும் ஊசி முறிந்தது. சுனில் கடைத் தெருவுக்கு ஓடினார். அவர் திரும்புமுன் அதிகாரி வந்துவிட்டார்.

முடிந்த மேசைகளை மட்டும் காட்டிவிடலாம் என்று நான் கண்ணால் சொன்னேன். டீச்சர் நேரே முடியாத மேசைகளுக்கு அவரைக் கூட்டிப் போனார். "இந்த மூணும் முடியல்ல சேர். மத்ததப் பாருங்க." பிறகு, "பிள்ளைகளே, சேருக்குக் காட்டுங்க" என்றார். முன்வரிசையில் இருந்த தர்ஷினி ஊசியைப் பிடுங்கி, ஒரு துளை கீழே மாட்டி, பலகையைத் தட்டிப் பார்த்தாள். அதிகாரி பேனாவை வைத்தார்.

அது நின்றது.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டார். "மூணையும் முடிங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்" என்று சொல்லி மைதானத்து மர நிழலில் காத்திருந்தார். சுனில் வியர்த்துக் கொட்ட வந்து சேர்ந்தார்.

அந்தப் பஸ் இன்று வரை ஓடுகிறது. ஒரு பிள்ளைகூடப் படிப்பை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் மேசையை மட்டப்படுத்துவார்கள். "பாஸ் தோத்த பாடம் முதல்ல" என்று டீச்சர் சிரிப்பார்.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. நேற்றுப் புது ஆசிரியை வந்தார். நல்ல பிள்ளை. பஸ்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "டீச்சர் உக்கார்ற இடம் எது பாஸ்?"

நான் முன்னும் பின்னும் பார்த்தேன். அத்தனை பலகையையும் அடித்தவன் நான்தான். அப்படி ஓர் இடம் அட்டை மாதிரியிலும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. ஒன்றரை வருடமாக அவர் நின்றுகொண்டே படிப்பித்திருக்கிறார். எல்லாப் பஸ்களிலும் சாரதிக்குப் பின்னால் இருக்கும் அந்த நல்ல இடத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் மகள்.

போய் வாருங்கள் டீச்சர். அங்கேயாவது கொஞ்சம் உட்காருங்கள்.