இடம் மாறாத கறுப்புத் திட்டு

சபையாரே, இதே இடத்தில் நின்று நான் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறேன். எல்லாரும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தவறு. அதைத் திருத்தத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். தயவுசெய்து பாதியில் உட்காரச் சொல்லாதீர்கள்.

என் பெயர் சாமுவேல். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினெட்டு வருஷம் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன், தவக்காலத்தில், கண்ணாடி மாற்றலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, இது குளுக்கோமா என்றார் டாக்டரம்மா. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகுமாம். வலி இருக்காது. எதிரே இருப்பது கடைசிவரை தெரியும், சுற்றுப் பார்வைதான் முதலில் குறையும். போன பார்வை திரும்பாது.

அன்றைக்கே சுற்றுப் பார்வையைச் சோதித்தார்கள். இருட்டறை. ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். முந்தின நாள் நான் இரண்டு ஷிப்ட் ஓட்டியிருந்தேன். பயம் வேறு. நிஜமாக மின்னியதா, எனக்கு அப்படித் தோன்றியதா என்றே தெரியவில்லை. பார்வை இல்லாத இடத்தை மெஷின் தாளில் கறுப்பாகக் காட்டும். வந்த தாளில் பாதி கறுப்பு.

"முதல் தடவை நிறைய பேருக்கு இப்படி வரும். சொட்டு மருந்து விடுங்க. மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுப்போம்" என்றார் டாக்டரம்மா.

நான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். நானும் என் மனைவி எஸ்தரும் உபவாசம் இருந்தோம். நீங்களும் எனக்காக ஜெபித்தீர்கள்.

இரண்டாவது தாள் கிட்டத்தட்ட வெள்ளை. டாக்டரம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. "டெஸ்ட் உங்களுக்குப் பழகிடுச்சு, அதான் நல்லா வந்திருக்கு. நரம்பு அப்படியேதான் இருக்கு. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அது என் காதில் ஏறவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாளையும் இங்கே தூக்கிக் காட்டினேன். மருந்துப் புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். இனிமேலும் மருந்து விட்டால் அது ஆண்டவரைச் சந்தேகிப்பது என்றும் சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் யார்டில் சரக்கோடு வண்டியை முன்னால் எடுத்தேன். பாதை காலியாக இருந்தது. என் கண்ணுக்குக் காலி. கீழே விழுந்த கயிற்றை எடுக்க லோடுமேன் சலீம் அங்கே குனிந்திருந்தான். சரக்கு தூக்கும் ஃபோர்க் கம்பி அவன் இடுப்பில் உரசி அவனைத் தள்ளிவிட்டது. அலறல் கேட்டுத்தான் நிறுத்தினேன்.

"யோவ் மாமு! இன்னா, கண்ணு தெர்லயா உனக்கு? ரெண்டு புள்ள கீது எனக்கு!"

அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. நான் இறங்கி ஓடி அவனைத் தூக்கி நிறுத்தினேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இல்லாங்காட்டி நானே சூப்பர்வைசர் கைல சொல்லிடுவேன்."

அன்று நான் ஆண்டவரிடம் சுகம் கேட்கவில்லை. கேட்க நா கூசியது. என் கண்ணில் உண்மையாகவே என்ன இருக்கிறதோ அதை மட்டும் காட்டும் என்று கேட்டேன். அதைக்கூட ஜெபம் மாதிரி கேட்கவில்லை. சண்டை போடுவது மாதிரி கேட்டேன்.

மறுநாள் எடுத்த தாள் முழுக்கக் கறுப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டெஸ்ட் எடுத்த பெண் தாளை நீட்டாமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதை நம்ப முடியாது. பாதியிலயே அசந்துட்டீங்க. முதல்ல பார்த்த வெளிச்சத்தையே அப்புறம் விட்டிருக்கீங்க. நல்லாத் தூங்கிட்டு அடுத்த வாரம் வாங்க."

"இன்னும் எத்தனை தடவைம்மா?"

"உண்மை தெரியற வரைக்கும் சார்."

என் ஜெபத்தை அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது?

மேலும் மூன்று தடவை போனேன். மூன்று தாளையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். "பாருங்க, இந்தப் புள்ளியெல்லாம் ஒவ்வொரு தடவையும் இடம் மாறுது. இது தடுமாற்றம். ஆனா ரெண்டு கண்ணுக்கும் கீழ்ப் பக்கத்துத் திட்டு மூணுலயும் ஒரே இடத்துல நிக்குது. அதுதான் சார் நோய்." நரம்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவும் அதையே சொன்னார். சலீம் குனிந்திருந்ததை என்னிடமிருந்து மறைத்தது அந்தத் திட்டுதான்.

போனது போய்விட்டது. வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். இப்போது யார்டு கேட்டில் சீட்டு சரிபார்க்கிறேன். விசுவாசம் குறைந்ததால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது தெரியும். பேசுங்கள். என் வருத்தம் அதுவல்ல.

எண்ணூரில் கருவாடு விற்கும் பாக்கியம் அக்காவை உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் இதே நோய், என்னைவிட முற்றியது. மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவருடைய வலது கண் இருண்டு போயிருந்தது.

"கர்த்தர் உன் கண்ணைத் தொட்டாருன்னியே. எனக்கு மட்டும் இன்னா கொறச்சல்னு நானும் மருந்த நிறுத்திட்டேன் நைனா" என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சபைல சொன்ன வாயாலயே இதையும் சொல்லிடு" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதோ, சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட உண்மையைத்தான் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்கிறேன், கசப்போடுதான் சொல்கிறேன். ஒரு வருஷமாக ஒரு வேளை தவறாமல் மருந்து விடுகிறேன். திட்டு அதற்குமேல் பெரிதாகவில்லை. அக்காவின் இடது கண்ணையும் ஆஸ்பத்திரியில் இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆண்டவரை நம்புங்கள். ஆனால் ஒரு தாளைப் பார்த்துவிட்டுப் புட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் சொன்னதைக் கேட்டு வேறு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால் என்னை மன்னியுங்கள், இன்றே வந்து சொல்லுங்கள். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, கண் ஆஸ்பத்திரிக்குப் போக, நானும் அக்காவும் தேரடி பஸ் ஸ்டாப்பில் நிற்போம். எங்களோடு வாருங்கள்.