ஓட்டல் படத்தில் மச்சான் பார்த்தது

கல்யாணமான புதிதில் பொய்ப்பல் கட்டும் பல்செட்டுக்காரர் மச்சான் வீட்டுக்குப் போவதென்றாலே சாக்குத் தேடுவார். மனைவியின் அண்ணன் பேசவே மாட்டார். "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்பதோடு சரி. லிஃப்ட் மெக்கானிக் வேலை. பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிறுகளோடு தனியாக மல்லுக்கட்டிப் பழகிய மனுஷன், வீட்டிலும் அப்படியே இருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது டிவியில் ஒரு பழைய ஹாலிவுட் படம் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பு வெள்ளை. கதாநாயகன் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். பல்செட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அது அந்தாளோட சொந்தப் பல் இல்ல. மேல நாலும் மூடி போட்டது."

மச்சான் மெதுவாகத் திரும்பினார். "எப்படிச் சொல்றீங்க?"

"நாலும் ஒரே அளவு. ஆண்டவன் அவ்வளவு ஒழுங்கா அடுக்க மாட்டான். அந்தத் தப்பை நாங்கதான் பண்ணுவோம்."

மச்சான் சிரித்துப் பல்செட்டுக்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார். சிரித்துவிட்டு மச்சான், திரையில் மேலே போன லிஃப்ட்டைக் காட்டி, "இதுவும் தப்பு. கம்பிக்கதவு பாதி திறந்திருக்கு. நிஜத்துல அப்படி இருந்தா லிஃப்ட் ஒரு அங்குலம் நகராது" என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் பல்செட்டுக்காரர் மச்சான் வீட்டில்தான். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. படத்தின் பேரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள்: குடைப் படம், குதிரைக்காரி படம், அன்றைக்கு முதலில் பார்த்தது ஓட்டல் படம். நடிகர்களுக்கும் அப்படியே. ஒருத்தன் ஒட்டகம், ஒருத்தி பூனைக்கண்ணு, இன்னொருத்தன் கோட்டு மாமா. ஒரு தடவை மச்சான், "கோட்டு மாமா நாலாவதா ஒருத்தியைக் கட்டிக்கிட்டானாம்" என்று சொல்ல, அடுப்படியிலிருந்து மச்சான் சம்சாரம் கரண்டியோடு ஓடிவந்தார். "யாரு? நம்ம சொந்தத்துலயா?"

கலர் வந்ததும் சினிமா கெட்டுப்போனது என்பது மச்சான் கட்சி. "ஆளுங்க நடிக்கிறதை விட்டுட்டுச் சட்டையைக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்பார். பல்செட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். கருப்பு வெள்ளையில் ரத்தத்துக்குச் சாக்லேட் கரைசலை ஊற்றி ஏமாற்றினவர்கள்தானே என்பார். புருஷன் பெண்டாட்டி இரண்டு தனிக் கட்டிலில் படுத்திருப்பார்கள், ஆனால் நாலு பிள்ளை இருக்கும், அது எப்படி என்று கேட்பார். சண்டை அடுத்த ஞாயிறு வரைக்கும் நீளும். பழைய புத்தகக் கடையில் ஆளுக்கொரு தடித்த புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து துணுக்குகளைப் பொறுக்கி ஒருத்தரை ஒருத்தர் மடக்கப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். பல்செட்டுக்காரர் தன் பட்டறையில் ஒரு கிழவியின் கீழ்ச்செட்டுக்கு மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். மெழுகு இளகியிருக்கும்போதே பல்லை நேராக நிறுத்த வேண்டும், விட்டால் திரும்ப முதலிலிருந்து. அந்த நேரம் பார்த்து ஃபோன்.

"மாப்ளே, ஓட்டல் படத்துல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்." மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "இருபத்தாறு வருஷம் ரெண்டு பேரும் குருடனாட்டம் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்!"

"என்ன மச்சான்?"

"ஃபோன்ல சொன்னா சப்புனு போயிடும். சாயங்காலம் வாங்களேன்."

"கையில வேலை இருக்கு மச்சான். மெழுகு ஆறுது. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?"

"சரி, நாளைக்கே வாங்க. ஆனா உங்களால கண்டுபிடிக்கவே முடியாது, பந்தயம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கப் போன இடத்தில் மச்சான் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விளங்கவில்லை. நாலாம் நாள் கண் தெளிந்து, வாய் திறந்து, "சாவி" என்றார்.

வீட்டாருக்கு அவ்வளவு சந்தோஷம். பீரோ சாவி, கேட் சாவி, அவர் வேலைப்பெட்டிச் சாவி எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினார்கள். மச்சான் அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் கேட்டாலும் சாவி, வலித்தாலும் சாவி, மகள் வந்தாலும் சாவி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் விளக்கினாள்: "நீங்க பேசறது அவருக்கு நல்லாவே புரியுது. அவருக்கு என்ன சொல்லணும்னும் தெரியுது. எடுக்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் கையில வருது."

"எழுதிக் காட்டலாமே?" என்றார் பல்செட்டுக்காரர்.

"எழுத்தும் அப்படித்தான் சார்."

மச்சான் வீடு திரும்பி ஆறாவது வாரம், பல்செட்டுக்காரர் ஓட்டல் படத்தைப் போட்டார். முதல் காட்சி வந்ததுமே மச்சான் முகம் பிரகாசமானது. "அன்னைக்கு ஃபோன்ல சொன்னீங்களே, அது என்ன மச்சான்?"

"சாவி!" என்றார் மச்சான். "சாவி, சாவி, சாவி..." இடது கை ஜாடையெல்லாம் சேர்த்து, குரலை ஏற்றி இறக்கி, ஒரு பெரிய சங்கதியை முழுக்கச் சொல்லி முடித்தார். முடித்துவிட்டு, புரிந்ததா என்று பார்த்தார். பல்செட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உதடு கோணியது.

"இருங்க, இருங்க. நான் கேக்கறேன், நீங்க தலையாட்டுங்க. லிஃப்ட் சமாச்சாரமா?"

இல்லை.

"ஒட்டகத்தைப் பத்தியா? பூனைக்கண்ணா? அவ பல்லா?"

இல்லை. இல்லை. இல்லை.

"கதையிலயா, படம் எடுத்ததுலயா?"

மச்சான் தலை ஆமென்றும் ஆடியது, இல்லையென்றும் ஆடியது.

பல்செட்டுக்காரர் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். தினம் ஒரு தடவை. வரவேற்பறைக் கடிகாரம் ஒரே உரையாடலுக்குள் பத்தேகாலிலிருந்து பத்து மணிக்குத் திரும்பிப் போவதைப் பிடித்தார். கண்ணாடியில் விளக்குப் பிடிக்கிறவனின் முழங்கை தெரிவதைப் பிடித்தார். ஓட்டலில் தங்க வரும் ஒரு அம்மாளின் கையுறை இடது கையிலிருந்து வலது கைக்கு மாறுவதைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வாசித்தார். கடிகாரத்தைக் கேட்டதும் மச்சான் கண் விரிந்தது. "சாவி?" என்று எட்டிப் பார்த்தார். அது அவருக்கே புதுசு! ஆனால் அவர் சொல்ல வந்தது அது இல்லை. கையுறையும் இல்லை.

ஃபோனில் பழைய படப் பிரியர்கள் குழு ஒன்று உண்டு. பல்செட்டுக்காரர் அதில் முழு விவரத்தையும் போட்டு உதவி கேட்டார். இருநூறு பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். சூட்கேஸ் காலி என்று ஒருத்தர், நடக்கும்போதே தெரிகிறதாம். மூன்றாவது சர்வரும் கடைசியில் வரும் டாக்டரும் ஒரே ஆள் என்று ஒரு ரிட்டயர்ட் டீச்சர் படத்தோடு நிரூபித்தார். பல்செட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். மச்சான் சர்வரையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார், வியந்தார், இல்லையென்று தலையாட்டினார். அதற்குள் குழுவில் பேச்சு பூனைக்கண்ணு நல்ல நடிகையா இல்லையா என்று திரும்பி, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மச்சான் விஷயம் எங்கோ மேலே போய்விட்டது.

"விட்டுடுங்களேன், எங்கண்ணனைப் போட்டுப் படுத்தாதீங்க" என்றாள் மனைவி.

விட்டால், இவன் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டான் என்று மச்சான் நினைக்க மாட்டாரா? பல்செட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் வழியில்லை.

நாலாவது மாதம், அறுபத்து மூன்றாவது தப்பை வாசித்துவிட்டு, குழப்பத்தில் கையுறையையும் திரும்ப வாசித்துவிட்டார். மச்சான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். தாடி மழிக்காத அந்த முகத்தை, நோட்டைப் பிடித்திருந்த கையை. பிறகு ஆமென்று தலையாட்டினார்.

மச்சான் சம்சாரம் கைதட்டி, உடனே நாத்தனாருக்கு ஃபோன் போட்டார். "கண்டுபிடிச்சிட்டாங்கடி!"

கையுறைக்கு அவர் ஏற்கெனவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அது பல்செட்டுக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும், "அடேயப்பா, எப்படி மச்சான் பிடிச்சீங்க?" என்று சத்தமாகச் சொன்னார். மச்சான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வேறு படம் கொண்டுபோனார், நல்ல சிரிப்புப் படம். மச்சான் இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். ஓட்டல் படம்தான் வேண்டும். சரியென்று போட்டார். வரவேற்பறைக் காட்சி வந்தபோது மச்சான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பல்செட்டுக்காரர் நிறுத்தினார். அசையாத படம்: மேசை, மணி, சூட்கேஸோடு ஒருத்தன், படியில் பூனைக்கண்ணு, பின்னால் யாரோ நாலு பேர்.

"இங்கேயா மச்சான்? எங்கே, காட்டுங்க."

மச்சான் இடது விரலை நீட்டினார். விரல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பியது. பல்செட்டுக்காரர் எழுந்து கிட்டே போய், தொழிலில் பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளியைப் பார்க்கிற அதே கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "தெரியல மச்சான்" என்றார். மச்சான் மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

அதற்கப்புறம் மச்சான் ஒன்றேகால் வருஷம் இருந்தார். "தண்ணி" வந்தது. "போதும்" வந்தது. மகளின் செல்லப்பேர் பாதி வந்தது. ஒரு ஞாயிறு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தெளிவாக, பழைய குரலில், "மாப்ளே" என்றார்.

பல்செட்டுக்காரர் படத்தை நிறுத்திவிட்டு நாற்காலியோடு திரும்பினார். "சொல்லுங்க மச்சான்."

"மாப்ளே..." மச்சான் மூச்சை இழுத்துப் பிடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. "மாப்ளே... மாப்ளே..."

"அவசரமே இல்ல. நான் இங்கேதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க."

மாடிப்படியில் யாரோ ஏறி இறங்கினார்கள். மச்சான் சம்சாரம் கதவருகே ஈரக் கையோடு நின்றுவிட்டார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். மச்சான் வாய் ஒவ்வொரு வடிவமாக எடுத்துப் பார்த்தது, குவிந்தது, விரிந்தது, நாக்கு முன்பல்லைத் தொட்டுத் திரும்பியது. பல் கட்டுகிறவருக்கு எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே படும் என்பது அத்துபடி. அதை வைத்தாவது பிடித்துவிடலாமென்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்து மச்சான் தோளைத் தளர்த்தி, படத்தை ஓட்டும்படி கையசைத்தார்.

அடுத்த மாதம் இரண்டாவது அடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்து வாரம் பத்து நாள் கழிந்த பிறகு, குழுவிலிருந்த ரிட்டயர்ட் டீச்சர் கேட்டிருந்தார்: "உங்க மச்சான் சொல்ல வந்தது என்னன்னு தெரிஞ்சுதா?"

"இல்லைங்க டீச்சர்" என்று பல்செட்டுக்காரர் பதில் எழுதினார்.