கடலுக்குள் இறங்கியவர் அன்றே மலை ஏறலாமா?

பிப்ரவரி கடைசி வாரத்தில் ராமேஸ்வரம் போய் வந்தோம். கோயிலுக்கு இல்லை, கடலுக்குள் மூழ்கிப் பார்க்க. எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். பவளப்பாறையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். புளி உலுக்குகிற நேரத்திலா என்று முனகினாலும் ஒத்துக்கொண்டார். அவர் பெயர் ஏழுமலை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் புளியும் சாமையும் எங்களுக்குப் பிழைப்பு. கூடவே நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, போளூர் பாஷா அண்ணனின் காரில் கிளம்பினோம். மூன்று நாளைக்கு வாடகை பதினான்காயிரம், டீசல் உட்பட.

கிளம்பியதிலிருந்தே ஏழுமலைக்குத் தும்மல். மாத்திரை போடுங்கள் என்றால், "தூசிடி அது" என்பார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் இருந்தோம். ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய், இரண்டு முறை மூழ்கலாம். பயிற்சியாளர் ஜெனிபர், முப்பது வயது இருக்கும். முதலிலேயே கேட்டார், "சளி, காதுவலி ஏதும் இருக்கா சார்?"

"ஒன்னும் இல்லீங்க."

"தும்மிக்கினே வர்றாருங்க" என்று நான் சொன்னேன். ஏழுமலை என்னை ஒரு முறை முறைத்தார். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி, காது திறக்கிறதா என்று ஜெனிபர் கேட்டார். திறக்கிறது என்று தலையாட்டினார் மனுஷன். வலித்தால் காதைக் காட்ட வேண்டும், மூச்சை அடக்கவே கூடாது, மேலே வரும்போது மெதுவாக வர வேண்டும், எதையும் தொடக்கூடாது, பாறை மேல் நிற்கக்கூடாது. இத்தனையும் இரண்டு தடவை சொன்னார். ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்த தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவருக்கு நீச்சலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாது.

ஆறு மீட்டர் ஆழம்தான். பச்சையும் நீலமுமாய் மீன்கள் பாறையைக் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அதை நிம்மதியாகப் பார்க்க விட்டாரா? துடுப்புக் காலால் உதைத்து ஒரு பவளக் கிளையை முறித்தார். அடுத்த நிமிஷம், கூம்பு மாதிரி பூ வேலைப்பாடு போட்ட சங்கு ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார். ஜெனிபர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

படகில் ஏறியதும், "சார், அதுக்குள்ள உசுரோட இருக்கிறது ஊசி மாதிரி கொட்டும். மூச்சே நின்னுரும். இங்கன எதையும் தொடாதீங்கன்னு சொல்றது அதுகளுக்காகவும்தான், உங்களுக்காகவும்தான்" என்றார் ஜெனிபர்.

"பொண்ணுக்கு எட்த்துக்கினு போலாம்னு பார்த்தேன்."

"முறிஞ்ச பவளம் அவ்வளவு வளர வருஷக்கணக்காகும் சார்."

இரண்டாவது முறை கையைக் கட்டிக்கொண்டே மிதந்தார். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்தரைக்குக் கரை ஏறினோம். எங்கே போகிறீர்கள் என்று ஜெனிபர் கேட்டார். ஜவ்வாது மலை என்றதும், "இன்னைக்கேவா?" என்று பதறினார். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்புக்குள் கரைந்த காற்று மெல்ல வெளியேற வேண்டுமாம். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால் கோலி சோடாவை உடைத்ததுபோல ரத்தத்தில் குமிழ் கிளம்பலாமாம். விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்கும் தெரியும், மலைக்கும் அதே கணக்கு என்றார். இரண்டு முறை மூழ்கினால் பதினெட்டு மணி நேரம் பொறுக்க வேண்டும். எங்கள் ஊர் எழுநூறு மீட்டரைத் தாண்டும்.

போளூருக்கு நானூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். அடிவாரமான போளூரிலேயே இரவு தங்கலாம் என்றேன். புதுக்கோட்டை வரை ஏழுமலைக்கு ஒரே பாட்டு. "நம்ம வூட்டுக்கு நாம போவ இன்னா பெர்மிசன்? காலைல ஏழு மணிக்குப் புளி வியாபாரி வர்றான்." அதற்குப் பாஷா அண்ணன் வேறு, "ஒன்னும் ஆவாதும்மா, நான் ஸ்லோவா ஏத்துறேன்" என்று ஒத்து ஊதினார். திருச்சிக்குப் பிறகு ஏழுமலை பேச்சையே நிறுத்திவிட்டார். நான் எத்தனை தடவை கேட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாம்!

எட்டே முக்காலுக்குப் போளூர். பையோடு இறங்கி ரோட்டில் நின்றேன். "நீங்க போறதுன்னா போங்க. நான் லாட்ஜ்லதான் தங்குவேன்."

பாஷா அண்ணன் தலையைச் சொறிந்தார். "எறங்குண்ணே, நானும் வூட்டுக்குப் போவணும்."

ஏழுமலை இறங்கினார். அறை எண்ணூறு ரூபாய். சாப்பிட என்ன வாங்கட்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. எரிச்சலில் சுற்றி வந்து எதிரே நின்று கத்தினேன்.

"இன்னா கேட்ட?" என்றார். முகத்தில் கோபமே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. காரிலும் நான் அவருடைய வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். மனுஷனுக்கு வலது காது கேட்கவில்லை. முதல் முறையே வலித்ததாம். இரண்டாவது முறை உள்ளே ஏதோ வெடித்ததுபோல ஆகி, கொஞ்ச நேரம் தலை சுற்றியதாம். கைக்குட்டையில் ரத்தக் கறை.

"ஏன்யா சொல்லல?"

"நீ பத்து வருஷத்துல ஆசப்பட்டு கேட்டது இது ஒன்னுதான். நான் எறங்கலன்னா நீயும் எறங்கியிருக்க மாட்ட."

என்ன செய்ய இந்த ஆளை? திட்டிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன். அதிலும் பாதி அவருக்குக் கேட்கவில்லை.

காலையில் போளூரில் காது டாக்டரைப் பார்த்தோம். சளியோடு இறங்கியதால் செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாக மூடிவிடும், தண்ணீர் படக்கூடாது என்றார். மலை ஏறலாமா என்று கேட்டோம். பதினெட்டு மணி நேரம் தாண்டிப் பொழுதும் விடிந்துவிட்டதே, தாராளமாகப் போங்கள் என்றார். பகல் ஒரு மணிக்கு வீடு சேர்ந்தோம். புளி வியாபாரி அன்றைக்கு வரவே இல்லை.

போகிறவர்கள் போய்ப் பாருங்கள், அந்தக் கடலைப் பார்க்காமல் இருக்காதீர்கள். ஏலகிரி, ஏற்காடு, ஊட்டி என்று எந்த மலைக்காரராக இருந்தாலும் திரும்பும்போது அடிவாரத்தில் ஓர் இரவுக்கு அறை பார்த்துக்கொள்ளுங்கள். சங்கு வேண்டாம், படம் போதும். தும்மல் இருந்தால் இறங்காதீர்கள். வலித்தால் அந்த நொடியே காதைக் காட்டுங்கள்.

கூட வந்தவர் ஏமாந்துபோவாரே என்று யோசிக்காதீர்கள். அன்று இறங்க முடியாமல் போயிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்தான். அது விழுப்புரம் தாண்டுவதற்குள் ஆறியிருக்கும். காது ஆற ஆறு வாரம் ஆனது.