கூப்பிடு தூரம்

அப்துல் நாசருக்கு ஐம்பத்தெட்டு வயது. அடிவாரத்தில் வீடு, மலைமேல் தொழில். முப்பது வருஷமாகக் கொல்லிமலையில் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டர் என்றதும் காரும் கூலிங்கிளாஸுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்று, தீராத முழங்கால் வலி, சட்டைப்பையில் ஒரு பேனா, அவ்வளவுதான் ஆள். எழுபது வளைவு ஏறி வரும் மணலுக்கு என்ன வாடகை, நானூறு சதுர அடிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிச் சொல்கிற பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

போன பங்குனியில் மலைமேல் ஆலத்தூர் நாட்டு அம்சவேணி அவரைக் கூப்பிட்டாள். கணவனை இழந்தவள், மரவள்ளியும் மிளகும் போட்டு மகளை வளர்க்கிறாள். வண்டி போகும் ரோட்டோரம் நின்று கையை நீட்டினாள்.

"அதோ தெரியுதுங்களே, என் தம்பி முரளி புதர் வெட்டறானே, அதானுங்க எடம்."

எதிர்ச் சரிவில் நின்ற முரளி, "வாங்க பாய், நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினான். பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. "நல்லா இருக்கேன் சாமி" என்று இவரும் பதில் கொடுத்தார். கூப்பிடு தூரம். தலைச்சுமையாகப் போய்வரப் பத்து நிமிஷம் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டார். சுமைகூலிக்கு நாற்பதாயிரம். எல்லாம் சேர்த்து இரண்டு ரூம்பு வீட்டுக்கு எட்டு லட்சம் என்றார். அன்றைக்கு முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. நடந்து போய்ப் பார்க்க உடம்பு வணங்கவில்லை.

அம்சவேணி வெற்றிலையை நீட்டினாள், வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அக்ரிமெண்ட் எல்லாம் கிடையாது. வெற்றிலை வாங்கியவர் பிறகு விலையை மாற்றினால் அடுத்த வேலைக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

குரல் நேராகப் போகும், சிமெண்ட் மூட்டை போகாது. பாதை வயலுக்கு இறங்கி, ஓடையைத் தாண்டி, பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறியது. முதல் நாள் சுமை தூக்கிய பெண்கள் திரும்பி வந்தபோது வாட்சைப் பார்த்தார். ஐம்பது நிமிஷம். நாற்பதாயிரம் என்று போட்ட இடத்தில் இரண்டு லட்சம் நின்றது.

சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்தபோது கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. பழைய வீட்டை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. அம்மாவும் மகளும் மரவள்ளிக் காட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டே ஆகவேண்டும். நாசர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் போட்டுக்கொண்ட வெற்றிலை வாயை அடைத்துவிட்டது. குட்டியானையை விற்றார்.

"ஒரு நடை நடந்து பாத்திருந்தா என்னங்க?" என்று மட்டும் கேட்டாள் மனைவி நஜிமா.

மழைக்கு முன்னால் கூரை போட்டாயிற்று. அதற்கப்புறம் அடிவாரத்தில் பூச்சு வேலை, பேட்ச் வேலை என்று எது கிடைத்தாலும் பஸ் ஏறிப் போனார். மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார்.

தை மாதம் முரளியிடமிருந்து போன் வந்தது. அவனுக்கும் ஒரு வீடு கட்ட வேண்டுமாம். பஸ்ஸை விட்டு அதே இடத்தில் இறங்கினார். முரளி கையை நீட்டினான்.

"அக்கா ஊட்டுக்கு மேலதானுங்க. பக்கந்தான்."

"இரு கண்ணு, நடந்து பாத்துட்டு வாரேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. திரும்பும் வழியில் அம்சவேணி வீட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த முறை பேனாவை எடுத்து, சிகரெட் அட்டையில் எழுதியே போட்டார்.

"பத்தே முக்கால் லட்சம் ஆகும் சாமி."

முரளியின் முகம் சுருங்கியது. "என்னங்க பாய், இதே அளவு ஊடுதான் அக்காளுக்கு. எட்டுலதானே முடிச்சுக் குடுத்தீங்க? நம்மகிட்டப் போயி இப்படி ஏத்தறீங்களே."

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் யாரும் அவரை ஏமாற்றுக்காரன் என்று நினைத்ததில்லை. உண்மையான விலையைச் சொன்ன அன்றைக்குத்தான் இந்தப் பெயர்.

"அந்த ஊட்டுக்கு எட்டு ஆவல கண்ணு. ஒம்பது அறுபது ஆச்சு. மிச்சத்துக்கு என் வண்டிய வித்தேன்."

டீ டம்ளரோடு வந்த அம்சவேணி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க பாய், மொதல்லயே இத்தன ஆகும்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ஒத்த ரூம்பாக் கட்டியிருப்பனே. நாங்க இருக்கறதே ரெண்டு பேருதானுங்க. அந்த இன்னொரு ரூம்பு பூட்டியேதான் கெடக்குது."