ஆறாம் நம்பர் வண்டியின் ஆயில்

ஷெட்டுக்குள் அவளை அவளுடைய அப்பா ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ‘பாப்பா’. அவர் ஆறாம் நம்பர் குப்பை லாரியின் டிரைவர். அவள், அங்கிருக்கும் பன்னிரண்டு லாரிகளையும் பராமரிக்கும் பொறுப்பில் ஐந்து மாதம் முன்பு சேர்ந்த எஞ்சினியர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் அவள் எதைச் சொன்னாலும் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை அவளுக்குச் சில நாள் பெருமையாக இருக்கும், சில நாள் பயமாக இருக்கும்.

ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுவார்கள். ஏன் இரண்டு மாதம் என்று கேட்டால், “அப்படித்தாம்மா” என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் ஒரு வண்டி ஓடியது இரண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம். சாதா ஆயிலுக்குப் பதில் சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் பதினைந்தாயிரம் வரை தாங்கும் என்று வண்டிக் கம்பெனியின் கையேடே சொன்னது. பாதுகாப்புக்காக அதையும் குறைத்துப் பத்தாயிரம் என்று வைத்தாள். ஏறக்குறைய பத்து மாதம். மூன்று வண்ணத்தில் ஒரு சார்ட் போட்டு மேலாளரிடம் நீட்டினாள்.

மேலாளர் நிதானமானவர். “ரெண்டு வண்டில போட்டுப் பாருங்க. நாலு மாசம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை மத்த பத்துக்கும் முடிவு பண்ணலாம்” என்றார். ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் சோதனைக்கு வந்தன. அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதா என்பதும் அதே வெள்ளிக்கிழமைதான் முடிவாகும் என்று பேச்சு.

நான்கு மாதமும் அப்பா கால் தரையில் படாமல் திரிந்தார். டீ குடிக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்களைப் பிடித்து உட்கார வைத்து, “எங்க மேடம் போட்ட கணக்கு. பத்து மாசத்துக்கு ஆயில் மாத்தவே வேணாம். புக்குல இருக்கு” என்பார். ஒன்பதாம் நம்பர் டிரைவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். அவர் மட்டும், “புக்கா வண்டி ஓட்டுது?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு காலையில் பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரு முனையில் ஆறாம் நம்பர் திரும்பியது. வண்டிக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் கையைக் காட்டினாள்.

“உனக்கெதுக்கும்மா இது, நாத்தம் துணியில ஒட்டிக்கும். ஆட்டோ பிடிச்சுப் போ” என்றார் அப்பா.

“பரவாயில்லப்பா.”

பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் அவளை இந்த லாரியில் ஏற்றியதே இல்லை. சீட்டில் கிடந்த துணியை உதறிப் போட்டுவிட்டு அரைமனதாகக் கதவைத் திறந்தார்.

வண்டி பத்தடி நகரும், நிற்கும். பின்னால் தொட்டியை மாட்டுவார்கள். அப்பா ஒரு லீவரைத் தள்ளி ஆக்சிலேட்டரை மிதிப்பார். எஞ்சின் உறுமும், தொட்டி மேலே போய்க் கவிழும், உள்ளே தகடு குப்பையை நசுக்கும். மறுபடி பத்தடி. அந்தத் தெருவை முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவள் எதேச்சையாகக் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தாள். ஏறும்போது இருந்த அதே எண்.

“எஞ்சினை நிறுத்தவே மாட்டீங்களாப்பா?”

“நிறுத்தினா தொட்டியை யாரு தூக்குறது, நீயா?”

குப்பைக் கிடங்கின் எடைமேடைக்கு வெளியே வரிசை நின்றது. முன்னால் ஏழு வண்டிகள். முக்கால் மணி நேரம், எல்லா எஞ்சினும் ஓடியபடியே. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எஞ்சின் ஓடுவது எட்டு மணி நேரம். மாதம் இருபத்தாறு நாள். நான்கு மாதம். எண்ணூற்று முப்பத்திரண்டு மணி நேரம். இதே நான்கு மாதத்தில் வண்டி ஓடியது நான்காயிரம் கிலோமீட்டர்தான்.

கையேட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடும் வண்டியென்றால் கிலோமீட்டரைப் பார்க்காதே, ஐந்நூறு மணி நேரத்தில் ஆயிலை மாற்று என்று. அவள் அதைப் படித்திருந்தாள். கிரேனுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். அப்பா முப்பது வருடமாக ஓட்டும் வண்டி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் போனதை நினைத்தால்தான் முகம் சுட்டது. அந்தப் பழைய வழக்கத்தைப் போட்டவர் மணியைப் பார்த்துப் போட்டாரோ, குருட்டாம்போக்கில் அமைந்ததோ, இரண்டு மாதம் என்பது நானூறு மணி நேரம் சொச்சம். சரியாகவே இருந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தாள். கன்னங்கரேல் என்றிருந்தது. டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், நிறம் மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. ஒரு சிறு பாட்டிலில் ஆயிலைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பத்து வண்டிக்கும் கையெழுத்தாகும், வேலையும் நிரந்தரமாகும். அதன்பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். இந்த யோசனை அவளுக்குக் கால் மணி நேரம் நியாயமாகவே பட்டது.

பிறகு எழுந்து போய், இரண்டு வண்டியையும் அன்றைக்கே ஆயில் மாற்ற நிறுத்தச் சொன்னாள்.

ஹாரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார். “என்ன மேடம், பத்து மாசம்னீங்க, நாலாம் மாசமே பிரசவமா?”

ஷெட்டே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னாள். “நான் போட்டது தப்புப்பா. கிலோமீட்டரைப் பார்த்தேன். மணியைப் பார்த்திருக்கணும்.”

அவர் சாப்பாட்டைப் பிசைந்தபடியே யோசித்தார். “எஞ்சின் போச்சா?”

“தெரியலப்பா. சோதனைக்கு அனுப்பியிருக்கேன்.”

“அப்போ நான் எல்லார்கிட்டயும் அளந்து விட்டதெல்லாம்?”

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, “அளக்கச் சொல்லி அவளா கேட்டா? உங்க வாயை நீங்கதான் கட்டணும்” என்றாள். அப்பா எழுந்து கை கழுவும்போது, “மேனேஜர்கிட்ட நீயே சொல்லிடு. ஹாரன் சொல்றதுக்கு முன்னாடி” என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் சார்ட்டைக் கையில் எடுத்தபோதே சொல்லிவிட்டாள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க ஆயிலை மாத்தாம, சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“ஆறாம் நம்பர் எங்க அப்பா ஓட்டுற வண்டி சார்.”

சொன்ன பிறகுதான் அது அவளை உறுத்தியது. ஒன்பதாம் நம்பர் மட்டும் என்றால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பேன் என்று உடனே தோன்றியது. உடனே தோன்றியதாலேயே அதை முழுதாக நம்ப முடியவில்லை.

மேலாளர் கோபப்படவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. வேலை நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றார். “சிந்தெடிக் ஆயில் வேணுமா வேணாமா, அதை மட்டும் இப்போ சொல்லுங்க.”

“வேணும் சார். வரிசையில நின்னு சூடேறுற வண்டிக்கு அது நல்லது. ஆனா பத்து மாசம் இல்ல. ஐந்நூறு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் சோதிச்சுப் பார்த்து, நல்லா இருந்தா அறுநூறு. எடைமேடை வரிசையில எஞ்சினை நிறுத்தினாலே நாளைக்கு முக்கால் மணி நேரம் குறையும்.”

“எல்லா வண்டிக்கும் ஐந்நூறா?”

அவள் வாயெடுத்தாள், நிறுத்தினாள். “இதுவரைக்கும் ஒரு வண்டிலதான் சார் ஏறியிருக்கேன். மத்ததுலயும் ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. ஆயிலில் கரி ஏறியிருந்தது, கெட்டிப்பட்டிருந்தது. உலோகத் தேய்மானம் மட்டும் எல்லைக்குள்தான் இருந்தது. எஞ்சினுக்குச் சேதமில்லை. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் அப்படி இருந்திருக்காது. தாளை அப்பாவிடம் காட்டினாள். அவருக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. ஆனாலும் கண்ணாடி போட்டு மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டு, “சரி மேடம்” என்றார்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒன்பதாம் நம்பர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஹாரன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

“ஏறுங்க. டேஷ்போர்டுல எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற மீட்டர்ல ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. நீங்களே துடைச்சுக்கங்க.”