தூரதேசத்தில் தொங்கிய முகம்

கண்காட்சி விதி நான்கு தெளிவாகச் சொல்கிறது: படத்தின் கீழே ஒட்டும் அட்டையில் கலைஞரின் பெயரும், அடையாள அட்டையில் உள்ள பூர்வீக ஊரும் மட்டுமே இடம்பெறும். வெளிநாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம். சுவிஸ் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூர்வீக ஊர் உண்டு. அது பிறந்த ஊரும் அல்ல, வாழும் ஊரும் அல்ல. பெரும்பாலும் தகப்பன் வழியில் வந்து பாஸ்போட்டில் குந்தியிருக்கும் ஊர். பலர் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் மருமகள் சோஃபிக்கு அப்படி வாய்த்தது எமென்டால் பகுதியிலுள்ள ட்றூப் என்ற கிராமம். அவளுடைய தாய் கொரியாவிலிருந்து தாதியாக வந்தவர். தகப்பன் இங்கே, இதே லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூடு செய்தவர், இப்போது இல்லை. சோஃபி இரண்டு மரப்பலகைகளில் இரண்டு முகங்களையும் இடம்வலம் மாற்றிச் செதுக்கினாள். தாயின் முகத்தைக் கறுப்பு மையிலும் தகப்பனின் முகத்தைச் சிவப்பு மையிலும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்தாள். மூக்குகள் பொருந்தவில்லை. பொருந்தக்கூடாது என்றுதான் பலகையைச் சற்று நகர்த்தி வைத்திருந்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் அவளுடைய முகம் தெரியும்.

கண்காட்சிக்குப் படத்தைக் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி சோஃபியின் அடையாள அட்டையில் ட்றூப் என்று கண்டு சிரித்தார்.

"இல்லை மேடம், உண்மையாக எந்த இடம்?"

"இங்கேதான். இரண்டு தெரு தள்ளியுள்ள ஆஸ்பத்திரி."

"அதற்கு முன்னர்?"

"அதற்கு முன்னர் நான் இல்லை மேடம்."

அவர் தாயின் நாட்டைக் கேட்டு, பெருந்தன்மையோடு படத்தின் முதுகில் பென்சிலால் 'கொரியா' என்று எழுதிக்கொண்டார். திறப்பு விழாவன்று படம் பெரிய மண்டபத்தில் இல்லை. கழிப்பறைக்குப் போகும் நடையில், 'தூரதேசங்கள்' என்ற பலகையின் கீழே தொங்கியது.

சோஃபி சத்தம் போடவில்லை. "பப்பா இந்த ஊரை விட்டு ஒரு இரவுகூட வெளியில் தங்கினதில்லை, மாமா" என்றாள், என் மகனிடம் படித்த எங்கள் தமிழில். "அவரை எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கினம், பாருங்கோ." தகப்பனின் முகம் மண்டபத்துக்கு வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் தமிழ் ஆட்களை மட்டும் யோக்கியர் என்று சொல்ல முடியாது. சோஃபியின் கல்யாணத்தன்று மன்னார்க்காரர் ஒருவர் என் காதுக்குள் கேட்டார்.

"அண்ணை, பொம்பிளை ஜப்பானோ?"

"இல்லை, எமென்டால்."

"அது கொரியாவிலை எந்தப் பக்கம்?"

நான் அகதியாக வந்த காலத்தில் விசாரணை அதிகாரி என் ஊரின் கோயில், கிணறு, பஸ் தரிப்பிடம் எல்லாவற்றையும் வரையச் சொன்னார். நான் அந்த ஊரான் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. இவள் வேறு ஊராள் அல்ல என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எந்தப் படத்தை வரைவது?

இலங்கையில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன் நான். இந்த ஊரில் பாதித் தமிழரின் வதிவிட பெர்மிட் மனுக்கள் என் கையால் போனவை. ஆகவே ஆட்சேபம் எழுதினேன். விதி நான்கைக் குறிப்பிட்டு, பூர்வீகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சோஃபி நான் எழுதிய ஆட்சேபத்தின் பிரதியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "மாமா, இது படம். அகதி அசூல் கேஸ் இல்லை!"

"எல்லாம் கேஸ்தான், பிள்ளை."

பத்து நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது விதி ஒன்பது. பத்து நாள் போனது. நினைவூட்டல் அனுப்பினேன். பொறுப்பாளர் விடுமுறையில் என்றார்கள். விடுமுறையிலிருந்து வந்தவர், கூட்டம் கூடவேண்டும் என்றார். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அன்று மாலையே படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிச் சுவரில் மாட்டினோம்.

அடுத்த நாள் கடிதம் வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டதாம். படம் உடனடியாகப் பெரிய மண்டபத்துக்கு மாற்றப்படுமாம். அழகாக அச்சடித்த புதிய அட்டையும் உள்ளே இருந்தது: சோஃபி, ட்றூப். அவள் அதைப் படத்தின் கீழே ஒட்டினாள். முதுகிலிருந்த பென்சில் எழுத்தை அழிக்க ரப்பரை நீட்டினேன்.

"விடுங்கோ மாமா. அம்மாவும் அதுக்குள்ளை இருக்கிறா."

முன்பக்கம் ட்றூப், பின்பக்கம் கொரியா. இரண்டு ஊரிலும் அவள் கால் வைத்ததில்லை. பதில் வந்த தேதியை, பழக்க தோஷத்தில், கடிதத்தின் மூலையில் குறித்து வைத்தேன்: திங்கட்கிழமை, மார்ச் பதினொன்று.