ஓட்டைப் பாக்கெட்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் தையல் மெஷின் போட்டிருப்பவருக்குக் ‘கத்தரி’ என்றுதான் பெயர். துணியை மட்டுமா, எதிரில் நிற்பவர் பேச்சையும் பாதியிலேயே வெட்டிவிடுவார். தன் தையலைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மலைமேலிருந்து நடந்து வரும் பழங்குடிப் பிள்ளைகளில் ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, கை கிழிந்த சீருடையைத் தைக்கக் கொடுத்திருந்தாள். பாக்கெட்டின் அடியிலும் ஓர் ஓட்டை இருக்கவே, கத்தரி அதையும் சேர்த்து அடைத்துவிட்டார். மறுநாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமா, ஓட்டைய ஏன் அடைச்சீங்க? பிரிச்சு விடுங்க.”

“சும்மா தச்சுக் குடுத்தா சண்டைக்கா வர்ற? ஓட்டப் பாக்கெட்ல என்னத்தப் போடுவ?”

“எங்க காட்டு விதை. நடக்க நடக்க ஒண்ணொண்ணா விழும். எங்க பிள்ளைங்க எல்லார் பாக்கெட்டும் இப்படித்தான்.”

கத்தரிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. “ஏன், கையால போட்டா ஆகாதா?”

“கையால போட்டா நாங்க நினைச்ச எடத்துல விழும். அது நினைச்ச எடத்துல விழ வேணாமா?”

“நல்லா விழும்! இந்தக் கட்டாந்தரையில என்னத்த முளைக்க...”

அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “நீங்க உக்காந்திருக்கிற இந்த மரம் எங்கப்பா பாக்கெட்ல இருந்து விழுந்தது மாமா. அப்போ அவரு நாலாங்கிளாஸ்.”

வாயில் வந்த பேச்சைக் கத்தரி தானே வெட்டிக்கொண்டார். தையலைப் பிரித்தார். ஓட்டை மேலும் கிழியாமல் இருக்க, அதைச் சுற்றி அழகாகக் காஜா எடுத்துக் கொடுத்தார்.